திருப்பிக் கேட்ட பனியன்

வெள்ளியங்கிரி உலகச் சந்தையில் கால் வைத்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முந்தைய பதினெட்டு வருஷமும் அவர் அதே சந்தையில்தான் இருந்தார், ஆனால் பின்வாசல் பக்கம். பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் துணியை வாங்கித் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க். தைத்தது எந்த நாட்டுக்குப் போகிறது என்று யாராவது கேட்டால், "பெருமாநல்லூர் ரோடு வரைக்கும் தெரியுமுங்க, அக்கட்ட தெரியாது" என்பார்.

இப்போது அப்படியில்லை. டென்மார்க்கிலிருந்து ஒரு கம்பெனி நேராக அவருக்கே ஆர்டர் கொடுத்திருந்தது. போர்டில் 'கார்மெண்ட்ஸ்' என்று இருந்ததை அழித்துவிட்டு 'எக்ஸ்போர்ட்ஸ்' என்று எழுத வைத்தார். விசிட்டிங் கார்டில் உலக உருண்டை போட்டார். அந்த உருண்டையில் டென்மார்க் எங்கே இருக்கிறது என்று அவரிடம் கேட்கக் கூடாது, மெர்ச்சண்டைசர் அனுப்பிரியாவிடம் கேட்க வேண்டும். ஆர்டர் கொடுக்கும் பையருக்கு மெயில் எழுதுவது, வந்த மெயிலை முதலாளிக்குப் புரியும்படி சொல்வது, புரிந்ததும் அவர் பயந்துவிடாமல் பார்த்துக்கொள்வது, இந்த மூன்றும் அந்தப் பெண்ணின் வேலை.

ஆர்டர் ஒரு மாட்டுப் பனியனுக்கு. வெளியுலகம் டீ-சர்ட் என்று சொல்வதை இந்த ஊர் இன்னமும் பனியன் என்றுதான் சொல்லும். நெஞ்சில் ஒரு மாடு கண்ணை மூடிப் படுத்திருக்கும். முதலில் மூவாயிரம் பீஸ் மட்டும். அமெரிக்காவில் இருக்கும் அவர்களுடைய கடைகளில் தலையாட்டினால் அடுத்து நாற்பதாயிரம். அந்த நாற்பதாயிரம் வந்தால் வெள்ளியங்கிரி எக்ஸ்போர்ட்டர். வராவிட்டால் பழையபடி ஜாப் ஒர்க், போர்டுக்காரனை மறுபடியும் கூப்பிட வேண்டும். அவன் வேறு சிரிக்கிற ஆள்.

மூவாயிரமும் நல்லபடியாகக் கப்பல் ஏறின. இருநூற்றுப் பன்னிரண்டு மிஞ்சின. ஓட்டை, கறை, தையல் பிசகு என்று கழிவது போக எண்ணிக்கை குறையக் கூடாது என்று கொஞ்சம் கூடுதலாக வெட்டுவதும், மிஞ்சியதை ஒறம்பரையான சொந்தக்காரர்களுக்குக் கொடுப்பதும் இந்த ஊரில் காலங்காலமாக நடப்பது. காங்கேயத்தில் கொப்பரை காயப் போடுகிறவர் நெஞ்சில் இத்தாலிக் கம்பெனிப் பெயர் இருக்கும். கணியூரில் கரும்புக்குத் தண்ணீர் கட்டுகிறவர் முதுகில் ஏதோ அமெரிக்கக் காலேஜ் இருக்கும். அவர்களுக்கும் அது என்னவென்று தெரியாது, அந்தக் காலேஜுக்கும் இவர்களைத் தெரியாது. யாருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை.

வைகாசியில் நோம்பி, குலதெய்வக் கோயில் திருவிழா, வந்தது. வெள்ளியங்கிரி இருநூற்றுப் பன்னிரண்டையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பங்காளி, மாமன், மச்சான், சம்பந்தி என்று வந்த அத்தனை பேருக்கும் தன் கையால் எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது "டைரக்ட் எக்ஸ்போர்ட்டுங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். இருநூற்றுப் பன்னிரண்டு தடவை சொல்லியும் வாய் வலிக்கவில்லை. பெண்கள் சேலை மேலேயே போட்டுக்கொண்டார்கள். பூசாரி இரண்டு கேட்டார், ஒன்றுதான் கிடைத்தது.

வரிசையில் கடைசியாக அண்ணன் ஆத்தப்பன் வந்து நின்றார். ஒன்பது வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாத அண்ணன். மெஷின் வாங்குவதற்காக வெள்ளியங்கிரி தன் பாகத்துத் தோட்டத்தை வெளியாளுக்கு விற்றார். விற்றதை அண்ணனிடம் சொல்லவில்லை. நிலத்தை அளக்க ஆள் வந்து கல் நட்டபோதுதான் அவருக்குத் தெரிந்தது. அன்றைக்கு முடிந்த பேச்சு.

அந்த மனிதர் இப்போது கையை நீட்டி ஒரு பனியனை வாங்கினார். விரித்துப் பார்த்தார். அவர் காங்கேயம் காளைகள் வளர்க்கிறவர்.

"இதென்றா மாடு? திமிலையே காணோம்" என்றார்.

வெள்ளியங்கிரிக்கு "டென்மார்க் மாடுங்கண்ணா" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

"பாவம்" என்று சொல்லி அண்ணன் பனியனைப் போட்டுக்கொண்டார். "ஞாயித்துக்கெழமை ஊட்டுப் பக்கம் வா."

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வெள்ளியங்கிரி அண்ணன் தோட்டத்துக்குப் போனார். இரண்டு பேரும் பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. அண்ணன் மாட்டைத் தேய்ப்பார், இவர் பார்த்துக்கொண்டிருப்பார், அண்ணி சோறு போடுவார். வாரத்தில் மற்ற ஆறு நாளையும் அந்த ஒரு நாளை நினைத்துக்கொண்டே ஓட்டினார். ஐம்பத்து நாலு வயசில் அண்ணன் கிடைத்ததை வெளியே சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது, ஆனால் சந்தோஷம் சந்தோஷம்தான்.

ஆடி பிறந்த வாரம் மெயில் வந்தது.

அனுப்பிரியா லேப்டாப்போடு வந்து நின்றாள். "சார், நல்லா இருக்கீங்களான்னு கேட்டிருக்காங்க."

"அப்பிடீன்னா என்னமோ வில்லங்கம்" என்றார் வெள்ளியங்கிரி. இந்தப் பதினோரு மாதத்தில் அவர் கற்றுக்கொண்ட உலக வர்த்தகம் அவ்வளவுதான்.

வில்லங்கம்தான். தங்கச்சி மகன் ரித்தீஷ் கோயிலில் எடுத்த வீடியோவை நெட்டில் போட்டிருந்தான். ஒறம்பரை அத்தனை பேரும் ஒரே மாட்டைப் போட்டுக்கொண்டு கும்மியடிக்கிறார்கள். 'எங்க மாமா எக்ஸ்போர்ட்' என்று எழுதி, டென்மார்க் கம்பெனி பெயரையும் மறக்காமல் சேர்த்திருந்தான். கடையில் வாங்குகிறவர்கள் புரட்டாசியில்தான் முதன்முதலாகப் பார்க்க வேண்டிய மாட்டை வைகாசியிலேயே நாலு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். அதில் ஒருவர் கோபன்ஹேகனில் இருந்தார்.

"மிஞ்சுன பீஸ் ஒண்ணு கூட வெளிய போகக் கூடாதுன்னு அக்ரிமெண்ட்ல இருக்குதுங்க சார். நாப்பத்தொண்ணாம் பக்கம்."

அறுபத்து நாலு பக்க அக்ரிமெண்டில் வெள்ளியங்கிரி ஒரே ஒரு பக்கத்தைத்தான் பார்த்திருந்தார். கையெழுத்துப் போட வேண்டிய பக்கம். அன்றைக்கு நல்ல நேரம் பத்தரைக்கு முடிகிறது என்று அவசரம்.

"இப்ப என்ன பண்ணோணுமாம்?"

"எரநூத்திப் பன்னெண்டும் பதினஞ்சு நாளைக்குள்ள திருப்பி வாங்கோணுமாம். லேபிள்ல ஒவ்வொண்ணுக்கும் தனி நம்பர் இருக்குதுங்க. ஒவ்வொண்ணா போட்டோ எடுத்து அனுப்போணும். ஒண்ணு கொறஞ்சாலும் நாப்பதாயிரம் நமக்கில்லைங்களாம்."

"கொறஞ்சா நாமளே ஒண்ணு தெச்சு வெச்சர்றது."

"லேபிள் அவங்க சொல்ற எடத்துலருந்து எண்ணித்தான் சார் வரும். அது ஹாங்காங்குங்க."

"நம்ம துணி, நம்ம மெஷினு, நம்ம டைலரு. நான் தெச்சா டூப்ளிகேட்டா?"

"ஆமாங்க சார்" என்றாள் அனுப்பிரியா. அவளுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்பது என்பது கொங்கு நாட்டில் ஒருவர் செய்யக் கூடிய காரியமில்லை. கடன் கொடுத்ததையே நாலு பேரை விட்டுத்தான் கேட்பார்கள். கோயிலில் வைத்துக் கையால் கொடுத்த துணியை எந்த முகத்தோடு போய்க் கேட்பது? வெள்ளியங்கிரி இரண்டு நாள் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். அதற்கேற்ற முகமாக அது இல்லை.

வழி கண்டுபிடித்தது அவருடைய மனைவி சித்ராதேவி. தாராபுரத்துச் சம்பந்தி வீட்டுக்கு அவரே முதலில் போன் போட்டார். "ஒண்ணுமில்லீங்க, அந்தச் சாயம் ஒடம்புக்கு அரிக்குமாம். எங்களுக்கே இப்பத்தான் தெரிஞ்சுதுங்க. மறுக்காப் போட்டுக்காதீங்க, அவரு வந்து எடுத்துக்குவாரு" என்று கூசாமல் சொன்னார். மகள் தேஜஸ்ரீ வாழப்போன வீட்டில் இதைவிட மரியாதையாகத் துணியைப் பிடுங்க முடியாது என்று வெள்ளியங்கிரிக்கும் தோன்றியது.

பொய் நன்றாக வேலை செய்தது. கொஞ்சம் அதிகமாகவே செய்தது. மூன்றே நாளில் ஒறம்பரை இருக்கும் நாலு தாலுகாவுக்கும் சேதி போய்விட்டது. பாதிப் பேர் தாங்களாகவே பஸ் ஏறி வந்து, பனியனைக் குச்சியில் தூக்கிக்கொண்டு வராத குறையாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதுவரைக்கும் ஒரு அரிப்பும் இல்லாதவர்களுக்கெல்லாம் அரிக்க ஆரம்பித்தது. காங்கேயத்து மாமா தனக்குப் பத்து வருஷமாக இருக்கும் படைக்கு வெள்ளியங்கிரிதான் காரணம் என்று ஆஸ்பத்திரியில் எழுதி வைத்துவிட்டு வந்தார். பதினெட்டு வருஷம் உலகத்துக்கே துணி தைத்தவருடைய சாயத்தைப் பற்றிச் சொந்த ஜனம் இப்படிப் பேசிக்கொண்டது, அதுவும் அவரே கிளப்பிவிட்டது.

மீதிப் பேரிடம் காரை எடுத்துக்கொண்டு போனார். வெறுங்கையோடு போக முடியாது என்பதால், காதர்பேட்டைக் கடையொன்றில் நூறு பனியன் வாங்கிப் பின்சீட்டில் போட்டுக்கொண்டார். "எக்ஸ்போர்ட்டரு நம்மகிட்ட வாங்கறீங்களே" என்று கடைக்காரர் கேட்டதற்கு, "உள்நாட்டு மார்க்கெட்டையும் பாக்கோணுமில்லீங்க" என்று சொல்லிச் சமாளித்தார்.

ஒவ்வொரு வீட்டிலும் சாப்பிட வேண்டியிருந்தது. ஒரே நாளில் ஏழு வீட்டில் காபி, மூன்று வீட்டில் சோறு. ஒரு பனியனில் டிராக்டர் துடைத்திருந்தார்கள். ஒன்று பிறந்து நாலு நாளான கன்றுக்குட்டிக்குக் குளிருக்காகப் போட்டிருந்தது, மாட்டின் மேல் மாடு. ஒன்றைத் தலையணைக்கு உறையாக்கிப் பஞ்சை அடைத்துத் தைத்தே விட்டார்கள். பஞ்சைப் பிரித்துக் கொடுக்கும்வரை காத்திருந்து வாங்கிவந்தார்.

கணியூர் அத்தை மயிலாத்தாள் அரிப்புக் கதையை நம்பவில்லை. சேலைக்கு மேலே அதே பனியனோடு வெங்காயக் காட்டில் நின்றுகொண்டு கேட்டார், "குடுத்ததத் திருப்பிக் கேக்கறது எந்த ஊர் வழக்கங் கண்ணு? டென்மார்க்குலயா?"

"ஆமாங்க அத்தை."

"அப்ப அங்க எப்பிடி ஒறம்பரை நெலைக்கும்?" என்று நிஜமாகவே கவலைப்பட்டார் அத்தை. பனியனைக் கழற்றிக் கொடுத்ததோடு அரை மூட்டை வெங்காயத்தையும் காரில் ஏற்றிவிட்டார். டென்மார்க்காரர்களுக்கும் கொஞ்சம் கொடுக்கச் சொன்னார்.

பதினாலாம் நாள் இருநூற்றுப் பதினொன்று வந்துவிட்டன. கம்பெனியில் செக்கிங் டேபிளின் மேல் அடுக்கி வைத்திருந்தார்கள். தேங்காயெண்ணெய், சாணி, கிரீஸ், மஞ்சள் என்று நாலு தாலுகாவின் வாசனையும் அங்கே இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்று. எந்த ஒன்று என்று எல்லோருக்கும் தெரியும்.

"உங்கண்ணங்கிட்ட நான் போன் பேசட்டுங்களா?" என்று சித்ராதேவி கேட்டார்.

"வேண்டாம்."

அன்றைக்கு ஞாயிறு, தோட்டத்துக்குப் போனார். அண்ணன் அதைப் போட்டுக்கொண்டுதான் தொட்டியில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். தோளில் காளைக் கொம்பு கிழித்த இடத்தை அண்ணி நீல நூலால் தைத்திருந்தார். வெள்ளியங்கிரி கட்டிலில் உட்கார்ந்தார். மோர் வந்தது, குடித்தார். மழை பேசினார், மாட்டுச் சந்தை பேசினார், திரும்பவும் மழை பேசினார். கேட்காமலே எழுந்து போய்விடலாம் என்று இரண்டு தடவை நினைத்தார். ஐம்பது பேர் வேலை செய்கிறார்கள், அவர்களுக்காகத்தான் கேட்கிறோம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். அது பொய்யில்லை. ஆனால் கண் முன்னால் வந்து நின்றது அந்த ஐம்பது பேர் இல்லை, போர்டு.

"அண்ணா, அந்தப் பனியன் அரிக்குதுங்களா?"

"ரெண்டு மாசமாப் போட்டுட்டு இருக்கறன். ஒண்ணும் அரிக்கல" என்றார் ஆத்தப்பன். "என்ன வேணும், சொல்லு."

சொன்னார். மெயில், நாற்பத்தொன்றாம் பக்கம், லேபிள் நம்பர், நாற்பதாயிரம் எல்லாவற்றையும் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். அண்ணன் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"செரி" என்றார். பனியனைக் கழற்றினார். "வேர்வையோட எப்பிடிக் குடுக்கறது? சித்த இரு." தொட்டித் தண்ணீரிலேயே அலசிப் பிழிந்து கொடியில் போட்டார்.

ஆடிக் காற்றுக்கு அரைமணி நேரத்தில் காய்ந்துவிடும். அந்த அரைமணி நேரமும் அண்ணன் வெற்றுடம்போடு கட்டிலின் ஒரு கோடியிலும் தம்பி மறுகோடியிலும் உட்கார்ந்து கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளியங்கிரி எத்தனையோ ஷிப்மெண்டுக்கு விடிய விடியக் காத்திருந்தவர். இவ்வளவு நீளமான அரைமணியை அவர் கண்டதில்லை.

காய்ந்ததும் ஆத்தப்பன் அதை மடித்துக் கையில் கொடுத்தார்.

"தோட்டத்த விக்கறப்ப வந்து கேட்டிருந்தா, அன்னைக்கும் செரின்னுதான் சொல்லியிருப்பன்" என்றார். "இந்தத் தடவையாச்சும் கேட்டயே."

அன்றைக்கு அண்ணி சோறு போடவில்லை. போட்டிருந்தாலும் இறங்கியிருக்காது.

இருநூற்றுப் பன்னிரண்டு லேபிளையும் அனுப்பிரியா போட்டோ எடுத்து அனுப்பினாள். மிக்க நன்றி, உங்கள் ஒத்துழைப்பைப் பாராட்டுகிறோம் என்று இரண்டு வரி பதில் வந்தது. அந்த இரண்டு வரியைப் பிரிண்ட் எடுத்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார் வெள்ளியங்கிரி. வைத்துவிட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்காமல் விட்டோமே, அந்த மட்டுக்கும் புத்தி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் மாதம் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு ஐம்பது சதவீதம் வரி போட்டது. ஊரே கலங்கிப் போயிருந்த அந்த வாரத்தில் அனுப்பிரியா மறுபடியும் லேப்டாப்போடு வந்தாள்.

"நல்லா இருக்கீங்களான்னு கேட்டிருக்காங்களா?"

"ஆமாங்க சார்."

அமெரிக்கக் கடைகளுக்கு இந்தியாவிலிருந்து எடுப்பது இனிக் கட்டுப்படியாகாது. நாற்பதாயிரம் பீஸ் ஆர்டர் இல்லை. மாடு டிசைனையே கைவிட்டுவிட்டார்கள். வருந்துகிறார்கள். கடைசியாக இன்னொரு வரியும் இருந்தது. அதைச் சொல்ல அனுப்பிரியா கொஞ்சம் தயங்கினாள்.

"மிஞ்சுன பீஸ் எரநூத்திப் பன்னெண்டையும் நம்ம இஷ்டப்படி என்ன வேண்ணாலும் பண்ணிக்கலாமுங்களாம் சார்."

வெள்ளியங்கிரி சிரித்தார். ரொம்ப நேரம் சிரித்தார். பக்கத்து ரூமில் கணக்கு எழுதுகிறவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பையர் எங்கேயோ ஒரு அறையில் உட்கார்ந்து வேண்டும் என்றதும் நாலு தாலுகா ஒறம்பரையை அறுத்தாகிவிட்டது, வேண்டாம் என்றதும் ஒட்டிக்கொள்ளலாமாம். இதில் டென்மார்க்காரனைத் திட்டவும் முடியவில்லை. அவன் மரியாதையாகத்தான் கேட்டான். வரி போட்டவனை இவருக்குத் தெரியாது, அவனுக்கும் இவரைத் தெரியாது. திட்டுவதற்குக் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த ஒரே ஆள் வெள்ளியங்கிரிதான்.

அடுக்கில் தேடி நீல நூல் தைத்த பனியனை எடுத்தார். அயர்ன் டேபிளில் இருந்த ஒடிசாப் பையனைத் தேய்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு அப்படியே எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு ஞாயிறுகூட இல்லை.

ஆத்தப்பன் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார். "வா" என்றார். பனியனைப் பார்த்ததும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். புது ஆள் கொடுத்த புதுத் துணியை வாங்குவது மாதிரி மரியாதையாக வாங்கினார்.

"ஆர்டர் இல்லீன்னுட்டாங்கண்ணா. இதை நாமளே வெச்சுக்கலாமாம்."

"செரி" என்றார். அதைப் போட்டுக்கொள்ளவில்லை. மடிப்பைக் கலைக்காமல் கட்டில்மேல் வைத்தார். பிறகு, உரம் எப்போது வருமென்று கேட்கிற குரலிலேயே கேட்டார், "திரும்ப எப்ப வந்து வாங்கிக்குவே?"

"இனிக் கேக்கவே மாட்டனுங்கண்ணா. சத்தியமா."

"நீ எப்பிடிச் சொல்லுவே?" என்றார் ஆத்தப்பன். அவர் குரலில் கோபமோ குத்தலோ இல்லை. "அவங்களக் கேட்டுட்டு வந்து சொல்லு. முந்தியே தெரிஞ்சா தொவச்சு வெச்சிருப்பன்."